இரண்டாவது பம்பும் குடும்பக் கதிரையும்

நான் வேலைசெய்த கம்பனி தன்னுடைய குடும்ப வரலாற்றைப் புத்தகமாகப் போட்டிருக்கிறது. தடித்த அட்டை, வழவழப்பான தாள், தூக்கினால் மணிக்கட்டு நோகும். ஓய்வு பெற்றவர்களுக்கும் ஆளுக்கொரு பிரதி அனுப்பிவைத்தார்கள். என்னை வழியனுப்பும்போது ஒரு பேனாவோடு கதையை முடித்தவர்கள் இதையாவது அனுப்பினார்களே என்று ஆசையோடு பிரித்தேன்.

அவுஸ்திரேலியாவுக்கு அதில் ஆறு பக்கம். ஒரு பக்கத்தில் கங்காரு நிற்கிறது. மெல்பேர்ணின் மேற்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தொழிற்சாலையைச் சுற்றி நான் லொறிகளைத்தான் கண்டிருக்கிறேன், கங்காருவைக் கண்டதில்லை. இன்னொரு பக்கம் முழுக்க ஒரே படம். தலைக்கவசம் போட்ட ஓர் இளைஞர் பழங்கால மரக்கதிரை ஒன்றில் உட்கார்ந்து சிரிக்கிறார். பக்கத்தில் பளபளவென்று ஒரு பெரிய இரும்புக் கலம். கீழே எழுதியிருக்கிறது: "குடும்ப மரபு தொடர்கிறது. மெல்பேர்ணில் முதல் உற்பத்தி."

அந்தப் படம் எடுத்த நாளில் அங்கே எதுவும் உற்பத்தியாகவில்லை. படத்தின் ஓரத்தில் மங்கலாக ஒரு முழங்கை தெரியும். அது என்னுடையது. கிட்டத்தட்ட இருநூறு வருட வரலாற்றில் எனக்குக் கிடைத்த இடம் அந்த முழங்கைதான்.

உண்மையில் அந்தப் படத்துக்கு ஒரு குறிப்பு எழுதித் தரச்சொல்லி என்னைத்தான் கேட்டார்கள். நானும் மெனக்கெட்டு எழுதிக் கொடுத்தேன். "மிக அழகாக இருக்கிறது, ஆனால் புத்தகத்தின் தொனிக்குப் பொருந்தவில்லை" என்று பதில் வந்தது. இப்போதுதான் இந்தப் பொறியியல் தொழிலுக்குள் காலடி வைத்திருக்கும் உங்களுக்கு இன்னும் ஒரு தொனியும் வந்திருக்காது. ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் குடும்பத்தின் கதை. வேலைக்குச் சேரும் எல்லோருக்கும் முதல் நாள் இதை வீடியோவாகப் போட்டுக் காட்டுவார்கள். பின்னணியில் வயலின் அழும். அமெரிக்காவில் ஓர் ஆற்றங்கரையில் இரண்டு சகோதரர்கள் ஒரு கொட்டகை போட்டு, ஈயத் தொட்டிகளில் அமிலம் காய்ச்சி விற்கத் தொடங்கினார்கள். தோல் பதனிடுபவர்களும் துணிக்குச் சாயம் போடுபவர்களும் வாங்கினார்கள். ஒருநாள் புதிதாக வைத்த தொட்டி வெடித்தது. வேலைக்காரர் இருவர் இறந்துபோனார்கள். சகோதரர்கள் அப்போது பட்டணத்தில் ஒரு கலியாண வீட்டில் இருந்தார்கள். இந்தக் கலியாண வீடு வீடியோவில் வராது. கம்பனி நூலகத்துக்காக யாரோ எழுதிவைத்த பழைய குறிப்பொன்றில் நான் வாசித்தது.

அடுத்த தொட்டிக்கு அடுப்பைப் பற்றவைக்க ஒருவரும் வரவில்லை. இரட்டிப்புக் கூலி என்றார்கள், அதற்கும் வரவில்லை. கடைசியில் மூத்தவருடைய மனைவி வீட்டிலிருந்து சாப்பாட்டுக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டுபோய்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். "இதிலே நீங்கள் உட்காருங்கள். சூடு இறங்கும்வரை எழும்பக் கூடாது" என்று புருசனிடம் சொன்னார். அவர் உட்கார்ந்தார். வேலைக்காரர்கள் வந்தார்கள்.

அன்றிலிருந்து அது குடும்பத்தின் சட்டம். எங்கே புதிய கலம் முதல்முதலாகச் சூடேறினாலும், குடும்பத்தில் ஒருவர் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார வேண்டும். மூன்று தலைமுறை உட்கார்ந்தது. நான்காம் தலைமுறைக்குப் படிப்பு வந்துவிட்டது. கதிரையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, அதேபோல் கதிரைகள் செய்வித்து, ஒவ்வொரு நாட்டுத் தொழிற்சாலைக்கும் ஒன்று அனுப்பினார்கள்.

எங்களுக்கு வந்தது வரவேற்பறையில் இருந்தது. சுற்றிவர ஒரு சிவப்புக் கயிறு, பித்தளைத் தகடு. மழை நாட்களில் வருகிறவர்கள் குடையை அதில் சாய்த்துவைப்பார்கள். சிட்னியிலிருந்து பெரியவர்கள் வருகிற நாளில் மட்டும் தூசி தட்டப்படும். நான் அதைக் கடந்து எத்தனையோ வருடம் உள்ளே போய் வந்தேன். ஒருநாளாவது அது எதற்கு என்று யோசித்தவனில்லை.

இனி என்னுடைய கலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு முன்பிருந்த தொழிற்சாலை மனேஜர் ஒருவர்தான் அதைப் பழக்கினவர். பெயர் வேண்டாம், மனிதர் இன்னும் உயிரோடு குயின்ஸ்லாந்தில் மீன் பிடிக்கிறார். மேலிடம் ஏதாவது பைத்தியக்கார வேலையைச் செய்யச் சொல்கிற நாளில் அவருக்குப் பல்வலி வந்துவிடும். அன்றைக்கு லீவு. அவர் இல்லாமல் யாரும் கையெழுத்துப் போட முடியாது. பைத்தியக்காரத்தனம் ஒருவாரம் தள்ளிப்போகும், பிறகு மறந்துபோகும். அவருக்கு வந்த பல்வலிகளைக் கூட்டிப்பார்த்தால் ஒரு முதலைக்கு இருக்கிற அளவு பல் இருந்திருக்க வேண்டும்.

"ஒருநாளும் முடியாது என்று சொல்லாதே. அவர்கள் வாயாலேயே சொல்லவை" என்றார் போகும்போது. அவர் ஸ்கொட்லாந்துக்காரர். அவருக்கே அது பழகி வந்த வித்தை. நான் யாழ்ப்பாணத்தான், எனக்கு அது பிறவியிலேயே இருந்தது. எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருவருக்கும் 'இல்லை' என்று சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. 'பாப்பம்' என்போம். கேட்டவருக்கு விளங்கும். பிறகு இரண்டு பேரும் பால்தேத்தண்ணி குடிப்போம்.

அந்தக் கலையில் நான் வெகுவிரைவில் குருவை மிஞ்சினேன். ஒருமுறை சிட்னி தலைமையகம், அரித்துப்போன ஒரு தாங்கியில் இன்னும் ஆறு மாதத்துக்கு அமிலம் வைக்கச் சொன்னது. "தாராளமாக. அரிப்புக் குழுவின் ஒப்புதல் வந்தால் இன்றைக்கே நிரப்பலாம்" என்று எழுதினேன். அப்படி ஒரு குழுவே இல்லை. இல்லையென்று ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டு ஒன்றை உருவாக்கினார்கள். அது கூடி முடிவெடுப்பதற்குள் புதிய தாங்கி வந்துவிட்டது. அந்தக் குழு இன்னும் மாதாமாதம் கூடுகிறதாம். பிஸ்கற்று நல்லதாம்.

இப்படி எல்லாம் கெட்டித்தனமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் புதிய ரியாக்டர் வந்தது.

ரியாக்டர் என்றால், படத்தில் பளபளக்கிறதே, அந்தக் கலம்தான். அதில் ரெசின், அதாவது பசைக்கும் பெயின்றுக்கும் போகிற பிசின், காய்ச்ச வேண்டும். உங்களுக்குத் தெரியாததில்லை, ஆனாலும் வீட்டாருக்கும் வாசித்துக் காட்டுவீர்கள் என்பதால் சொல்கிறேன். ரெசின் சூடேறத் தொடங்கினால் தானாகவே இன்னும் சூடேறும். குளிர்ந்த தண்ணீர் சுற்றிவர ஓடிக்கொண்டே இருந்தால் அது சாது. தண்ணீர் நின்றால் கொஞ்ச நேரத்தில் கலத்துக்குள் அடங்காது. அப்போது பக்கத்தில் நிற்பவர் வீட்டுக்குப் போகமாட்டார். அதனால்தான் தண்ணீருக்கு இரண்டு பம்ப். ஒன்று நின்றால் மற்றது தானாக ஓடத் தொடங்கும்.

எங்களுடைய இரண்டாவது பம்ப் உடைந்து வந்து சேர்ந்தது. பெட்டியைத் திறந்தால் வார்ப்பில் நீளமாக வெடிப்பு. மாற்றுப் பம்ப் கப்பலில் வந்துகொண்டிருந்தது. மூன்று கிழமை, இருபத்தொரு நாள் பொறுத்தால் போதும்.

ஆனால் மூன்று கிழமை பொறுக்க முடியாத ஒரு விசயம் இருந்தது. குடும்பத்தின் ஆறாம் தலைமுறை அவுஸ்திரேலியாவுக்கு வருகிறார். புத்தகத்துக்குப் படம் எடுக்க வேண்டும். புதிய ரியாக்டரின் முதல் பாட்ச்சை அவருடைய கையால் தொடக்கிவைக்க வேண்டும். கூடாரம் சொல்லியாயிற்று. சாப்பாடு சொல்லியாயிற்று. சிட்னியில் இருக்கும் எங்கள் நிர்வாக இயக்குநர், கிரெக் என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்குப் போன் எடுத்தார். அவருக்கு எல்லோரும் 'மேட்', நண்பன்தான்.

"மேட், ஒரு பம்ப் புதுசுதானே?"

"ஓம், புதுசு."

"புதுசு ஏன் நிற்கப்போகிறது?"

இதற்கு நான் என்ன பதில் சொல்வது. பொறியியல் படிப்பு முழுக்க அந்த ஒரு கேள்விக்கான பதில்தான். கவலைகள் சில உண்டு என்று ஒரு மின்னஞ்சல் போட்டேன். சிட்னியில் 'கவலை' என்ற சொல்லைக் கேக்கின் மேல் அலங்காரத்துக்கு வைக்கும் செர்ரிப் பழம் மாதிரி எடுத்துக்கொள்வார்கள். நன்றி என்று பதில் வந்தது. கூடவே, ஒற்றைப் பம்போடு தொடங்க அனுமதிக்கும் தாள் ஒன்றும் வந்தது. கீழே ஒரே ஒரு கையெழுத்துக்கு இடம். என்னுடையது.

முதல் பாட்ச்சுக்குக் கலத்தின் பக்கத்தில் இரண்டு பேர் நிற்க வேண்டும். ஒருத்தி கவிதா, கோயம்புத்தூர்ப் பிள்ளை. மெல்பேர்ணிலேயே கிளேட்டனில் மேற்படிப்பு முடித்து, எங்களிடம் ரியாக்டரின் பொறுப்புப் பொறியியலாளராக இருந்தாள். இந்த நாட்டில் கூட்டித் துடைக்கிறவரும் முதலாளியைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். அவள் ஒருத்திதான் என்னை 'சார்' என்பாள். நானும் வேண்டாம் என்று சொன்னதில்லை. மற்றவர் ட்ரெவர், மேல்தட்டில் நின்று மூலப்பொருளைக் கொட்டுபவர். பேரப்பிள்ளை பிறந்து ஒரு மாதம். வேலைத்தளத்தில் அந்தப் பிள்ளையின் படத்தைப் பார்க்காமல் தப்பியவர் எவரும் இல்லை.

தாளைக் காட்டினேன். கவிதா வாசித்துவிட்டு மேசையில் வைத்தாள்.

"சார், முடியாதுன்னு நேரா சொல்லிடலாமே. எதுக்கு சுத்தி வளைக்கணும்?"

"பொறும் பிள்ளை. எனக்கொரு வழி தெரியும்."

"அந்தக் குழு மாதிரியா?"

"அதைவிட நல்லது."

அவள் நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. எனக்கோ ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம், வீட்டுக்கடன் ஐந்து வருடம். இரண்டுக்கும் இடையில் ஒருவன் எவ்வளவு சுற்றி வளைப்பான் என்பது இளையவர்களுக்கு விளங்காது.

என் திட்டம் என்னவென்று கண்டுபிடித்திருப்பீர்கள். கதிரை. புதிய கலம், முதல் சூடு, குடும்பத்து ஆள். வரவேற்பறையில் இருக்கும் கதிரையை எடுத்து ரியாக்டருக்குப் பக்கத்தில் போடுவோம். "உங்கள் குடும்பச் சட்டப்படி, சூடு இறங்கும்வரை இதில் உட்காருங்கள்" என்று பணிவாகச் சொல்வேன். கோடீஸ்வர வீட்டுப் பிள்ளை. அவருடைய வக்கீல்கள் விடுவார்களா? காப்புறுதிக்காரர் விடுவாரா? இன்னொரு நாள் பார்க்கலாம் என்று அவர்கள் வாயாலேயே சொல்வார்கள். அதற்குள் கப்பல் வந்துவிடும். இதை நினைத்து நினைத்து இரண்டு நாள் எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு திரிந்தேன். மனைவி கேட்டாள், சம்பளம் கூட்டிவிட்டார்களா என்று.

அந்த நாள் வந்தது. வாகனத் தரிப்பிடத்தில் வெள்ளைக் கூடாரம். உள்ளங்கையில் மறைக்கக்கூடிய அளவு சான்ட்விச்சுகள். ஆறாம் தலைமுறை வந்து இறங்கினார். மெலிந்த, அமைதியான ஆள். நான் நினைத்ததுபோல் திமிர் ஒன்றும் இல்லை, அது கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. எல்லோருக்கும் கை கொடுத்தார். ட்ரெவருடைய பேரப்பிள்ளையின் படங்களைக்கூட மூன்று நான்கு பார்த்தார்.

எல்லோரும் ரியாக்டரைச் சுற்றி நின்றபோது நான் தொண்டையைச் செருமினேன்.

"ஒரு சின்ன விசயம். உங்கள் குடும்ப மரபுப்படி புதிய கலத்தின் முதல் சூட்டுக்கு..."

அவர் முடிக்க விடவில்லை. "கதிரை" என்றார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "இங்கே கதிரை இருக்கிறதா? என் தாத்தா இதைப்பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் உட்காரவில்லை, என் அப்பாவும் உட்காரவில்லை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. எங்கே அது?"

யார் மறுப்பார்கள் என்று சுற்றிப் பார்த்தேன். வக்கீல் வரவில்லை. சிட்னியிலிருந்து வந்த பாதுகாப்பு அதிகாரி ஓடிப்போய் அவருக்குக் கண்ணாடியும் தலைக்கவசமும் கொண்டுவந்தார். அவருக்குத் தெரிந்த பாதுகாப்பு அவ்வளவுதான். படம் எடுப்பவர் சந்தோசத்தில் தரையில் படுத்தே விட்டார். பாரம் தூக்கும் போர்க்லிப்டில் வைத்து, சிவப்புக் கயிறு தொங்கத் தொங்க, கதிரை வந்து சேர்ந்தது. ஆறாம் தலைமுறை அதில் உட்கார்ந்து இரண்டு கையையும் முழங்காலில் வைத்தார்.

கிரெக் என் தோளில் தட்டினார். "மேட், அருமையான யோசனை. நீ ஒரு மேதை." தாளை நீட்டினார். "கையெழுத்தைப் போடு, தொடங்குவோம்."

கவிதா பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"சார், இப்ப என்ன பண்றது?"

"எனக்கும் விளங்கேல்லை பிள்ளை."

இதுவரை இரண்டு பேருடைய உயிரைக் காக்க வழி பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது என் கெட்டித்தனத்தால் மூன்று பேர். மூன்றாமவர் இறந்தால் செய்தியில் வேறு வரும். பல்லில் ஏதாவது வலிக்கிறதா என்றுகூட நாக்கால் தடவிப் பார்த்தேன். எல்லாப் பல்லும் நல்லாயிருந்தது.

பேனாவை எடுத்தேன், மூடியைக் கழற்றினேன், திரும்பவும் மூடினேன். அப்போது கதிரையில் இருந்தவர் பொழுதுபோகாமல் கவிதாவிடம் கதை கேட்கத் தொடங்கினார்.

"எவ்வளவு நேரம் இதில் உட்கார வேண்டும்?"

"நாலு மணி நேரம் ஆகும்."

"நீ எங்கே நிற்பாய்?"

"இங்கேதான். உங்க பக்கத்துல. இந்த வால்வ் என் பொறுப்பு."

"அவர்?" ட்ரெவரைக் காட்டினார்.

"மேல. உங்க தலைக்கு நேர் மேல."

"மற்றவர்கள்?"

கவிதா வாசல் பக்கம் திரும்பினாள். அவள் பார்த்த பக்கம் அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். வட்டமாக நின்ற கூட்டம் எப்போது கலைந்தது என்று தெரியவில்லை. நிதிப் பொறுப்பாளர் வெளியே வாகனத் தரிப்பிடத்தில் போன் பேசிக்கொண்டிருந்தார். பாதுகாப்பு அதிகாரி வாசல் நிலையில், பாதி உடம்பு உள்ளே பாதி வெளியே. கிரெக் என்னிடம் தாளைத் தந்துவிட்டு அப்படியே பின்வாங்கி, தரையில் போட்டிருந்த மஞ்சள் எச்சரிக்கைக் கோட்டுக்கு அப்பால் போயிருந்தார். ஒருவரும் ஓடவில்லை. நல்ல வளர்ப்பு உள்ளவர்கள், ஓடமாட்டார்கள். கூடாரத்தின் பக்கம் ஏதோ அலுவல் இருப்பதுபோல் ஒவ்வோர் அடியாக நகர்ந்திருந்தார்கள்.

"கிரெக்" என்று கூப்பிட்டார் கதிரைக்காரர். "இங்கே வாங்களேன். சேர்ந்து ஒரு படம் எடுப்போம்."

"இங்கே வெளிச்சம் நல்லாயிருக்கிறது" என்றார் கிரெக், நின்ற இடத்திலிருந்தே.

படம் எடுப்பவர் குழம்பிப்போய் விளக்கைப் பார்த்தார். வெளிச்சம் முழுக்க ரியாக்டரின் மேல்தான் இருந்தது, அவர்தான் பொருத்தியிருந்தார்.

ஆறாம் தலைமுறை சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். கதிரையில் இருப்பதால் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. "எனக்குத் தெரிய வேண்டியது ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார்.

என் வாய்க்குள் எல்லாம் வரிசையில் வந்து நின்றன. பார்க்கலாம். ஒரு குழுவைக் கேட்கலாம். சிங்கப்பூர் அலுவலகத்திலிருந்து ஒரு பதில் வர வேண்டும். இவற்றில் எதையும் உட்கார்ந்திருக்கும் மனிதனிடம் சொல்ல முடியவில்லை. மின்னஞ்சலில் சொல்லலாம், போனில் சொல்லலாம். நாலு மணி நேரம் அந்தக் கலத்துக்குப் பக்கத்தில் இருக்கப்போகிறவருடைய முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த அம்மா சாப்பாட்டுக் கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் வைத்தது எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. புருசனுடைய வீரத்தை ஊருக்குக் காட்டுவதற்கு இல்லை. அதில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் சுற்றி நிற்பவர்களுக்குப் பொய் சொல்ல வராது.

சொன்னேன். "தண்ணீருக்கு இரண்டு பம்ப் வேண்டும். ஒன்றுதான் இருக்கிறது. அது நின்றால் நீங்களும் இவளும் மேலே நிற்பவரும் பிழைக்கமாட்டீர்கள். நான் கையெழுத்துப் போடமாட்டேன். இன்றைக்குத் தொடங்கமாட்டேன்."

முப்பது வருட வேலையில் முதல் தடவையாக 'மாட்டேன்' என்றேன். அதுவும் இரண்டு தடவை. குரல் கீச்சென்று வந்தது. வீரமாக இருந்திருக்கும் என்று நினைக்காதீர்கள், தண்ணீர் விடாய்த்தவன் கேட்பதுபோல்தான் இருந்தது.

மஞ்சள் கோட்டுக்கு அப்பாலிருந்து கிரெக் சிரித்தார். "அவர் கொஞ்சம் அதிகமாகப் பயப்படுகிற ஆள். ஒன்றும் ஆகாது."

"அதை இங்கே வந்து சொல்லுங்கள்" என்றார் கதிரைக்காரர். கோபமாகச் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையில் உப்பைக் கேட்பதுபோல் சொன்னார்.

கிரெக் போனைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். காலை மட்டும் எடுத்துவைக்கவில்லை. மேல்தட்டில் ட்ரெவர் தன் கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டைப்பையில் செருகினார். அந்தச் சத்தம்கூடக் கீழே கேட்டது.

"அப்படியென்றால் சான்ட்விச் சாப்பிடுவோம்" என்று எழுந்தார் ஆறாம் தலைமுறை. போகும்போது கவிதாவுக்குக் கை கொடுத்தார். எனக்கும் கொடுத்தார், ஆனால் என் கை ஈரமாக இருந்ததால் சுருக்கமாகக் கொடுத்தார்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை மேடையில் சொல்லலாம். பரிசு கிடைத்தது என்று எதிர்பார்க்கிறீர்களா? இரண்டு மாதத்தில் நிர்வாக மாற்றம் வந்தது. என்னை 'மூத்த ஆலோசகர்' ஆக்கினார்கள். வாகனத் தரிப்பிடத்தைப் பார்த்தபடி ஓர் அறை, ஆலோசனை கேட்க வராத மனிதர்கள். கிரெக்குக்கு ஆசியா முழுவதற்கும் பொறுப்புக் கொடுத்தார்கள். அவர் நின்ற தூரம் அவருக்கு நன்றாகவே உதவியது. ஆறாம் தலைமுறை அமெரிக்காவுக்குப் போய் ஒரு நன்றி அட்டை அனுப்பினார். அதற்கு மேல் அவர் எதுவும் செய்ததாகத் தெரியவில்லை. நல்ல மனிதர்தான், ஆனால் விமானம் ஏறியதும் கதிரை தூரமாகிவிடும்.

கப்பல் வந்தது. இரண்டாவது பம்பைப் பூட்டினார்கள். ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, கூடாரமும் இல்லாமல், படமும் இல்லாமல், முதல் பாட்ச் தொடங்கியது. ஆலோசகருக்கு வேலை இல்லை என்பதால் நானும் போய் நின்றேன். பாதி வழியில், சூடு உச்சத்தில் இருக்கும்போது, முதல் பம்ப் நின்றது. கிரெக் சொன்ன அதே புதுப் பம்ப். கட்டுப்பாட்டுப் பலகையில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. உடனே அதன் பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. இரண்டாவது ஓடத் தொடங்கிவிட்டது.

ட்ரெவர் மேலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்ல" என்றாள் கவிதா. அவள் கை வால்வில் அப்படியே இருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். நான் அழுதேன், மறைக்கவில்லை. கண்ணாடிக்குள் ஆவி படிந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அந்தப் பச்சை விளக்குக்குப் புத்தகத்தில் இடமில்லை. வெடித்த தொட்டிக்கு ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது, ஓவியத்தோடு. தம்பி தங்கைமாரே, நீங்கள் நன்றாக வேலை செய்தால் உங்களைப்பற்றி எழுத ஒன்றும் இருக்காது. அது பிடிக்காதவர்கள் இப்போதே சிட்னிக்கு மாற்றல் கேட்கலாம், அங்கே வெளிச்சம் நல்லாயிருக்கும்.

இப்போது கவிதாதான் அந்தத் தொழிற்சாலையின் மனேஜர். போன கிழமை சிட்னி ஹோம்புஷில் ஒரு கலியாணத்தில் கண்டேன். இன்னும் 'சார்' தான். கதிரையைப் பற்றிக் கேட்டேன். அன்று போர்க்லிப்டில் வந்தது, திரும்பப் போகவில்லையாம். ரியாக்டருக்குப் பக்கத்திலேயே கிடக்கிறதாம். வரவேற்பறையில் கொண்டுபோய் வைக்கச் சொல்லி சிட்னியிலிருந்து வருடத்துக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறதாம்.

"நீர் என்ன பதில் போடுறனீர்?"

"பாக்கலாம்னு போட்டுடுவேன் சார். உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்."

எதற்குப் 'பாக்கலாம்', எதற்கு 'மாட்டேன்' என்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சில மாதம் முன்பு புதிய இயக்குநர் நேரிலேயே வந்தாராம். ஏதோ ஒரு பாதுகாப்புச் சோதனையை இந்த ஒருமுறை மட்டும் விட்டுவிடலாமே என்று கேட்டாராம். கவிதா மறுத்துப் பேசவில்லையாம். ஓடிக்கொண்டிருந்த ரியாக்டருக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டுபோய்க் கதிரையைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, "உக்காருங்க, பேசலாம்" என்றாளாம்.

அவர் நின்றுகொண்டே இருந்தாராம். சோதனை அன்றைக்கே நடந்ததாம்.